தண்ணி கேட்க ஒரு மெட்டு

திருக்கோணமலை
10 யூன் 1945

கடல் கடந்து இருக்கும் எடித் அம்மா அவர்களுக்கு, தம்பையாவின் மனைவி அன்னலட்சுமி கைகூப்பி எழுதுவது.

உங்கள் தேசத்தில் சண்டை முடிந்துவிட்டது என்று போதகர் பேப்பர் பார்த்துச் சொன்னார். இனி நீங்கள் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே விளக்கேற்றலாம் என்று கேட்க எனக்கு நிறைந்த சந்தோசம். எங்கள் துறைமுகத்தில் இன்னும் கப்பல்கள் வந்து குவிந்தபடிதான் இருக்கின்றன. இங்கேயும் முடியவேண்டும் என்று நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள்.

என்னை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போதகருக்கு எழுதிய கடிதத்தை அவர் எங்கள் வீட்டுக்கே வந்து, கதிரையில் உட்கார்ந்து, தமிழில் சொல்லிக் காட்டினார். பதிலை நான் சொல்லச் சொல்லத் தானே இங்கிலீசில் எழுதுவதாகச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவள் என்றாலும் என் கையால் எழுதினால்தான் எனக்கு மனம் ஆறும். இதை அவர் இங்கிலீசில் மாற்றி, இரண்டையும் ஒன்றாக அனுப்புவார். என் எழுத்துப் பிழைகள் உங்களுக்குத் தெரியப்போவதில்லை என்பதும் ஒரு தைரியம்.

உங்கள் தம்பி வில்பிரட் ஆஸ்கின் துரை இங்கே இருந்த காலத்தில் ஏதாவது இசை எழுதினாரா என்று கேட்டிருந்தீர்கள். வருகிற கார்த்திகையில் உங்கள் நகரத்தில் முன்னூறு பேர் கூடி அவருடைய பாட்டுகளைப் பாடப் போகிறார்கள் என்றும், அன்றைக்குக் கொடுக்கிற புத்தகத்தில் அவருடைய சரித்திரத்தை எழுதுகிறார்கள் என்றும், கடற்படையார் அனுப்பிய அவருடைய பெட்டியில் ஒரு இசைத் தாளும் இல்லாதபடியால் “யுத்தம் தொடங்கியபின் அவர் ஒன்றும் எழுதவில்லை” என்று போடப்போகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அம்மா, அப்படிப் போட விடவேண்டாம். அது பொய். அவர் இங்கே அறுபத்தொன்பது மெட்டுகள் எழுதினார். எல்லாம் எங்கள் வீட்டில் இருக்கின்றன. கடைசி ஒன்றைத் தவிர அத்தனையும் என் கணவர் ஒருவருக்காகவே எழுதப்பட்டவை.

எப்படி என்று சொல்கிறேன். கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

என் கணவர் சல்லி என்ற கரையூரில் வலைக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். கலியாணத்துக்குப் பிறகு துறைமுகத்தில் பாரம் தூக்கும் இயந்திரத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1942 சித்திரையில் ஒருநாள் காலை யப்பான்காரர் வந்து குண்டு போட்டார்கள். வருடப் பிறப்புக்கு நாலைந்து நாள் இருந்தது. வேலைக்குப் போன மனிசனைத் தேடி நான் ஓட, ஊரெல்லாம் எனக்கு எதிரே கண்டி றோட்டால் ஓடிக்கொண்டிருந்தது. கப்பல்துறை என்ற ஊர் தாண்டுமட்டும் சனம், மாடு, தள்ளுவண்டி. அவரை அன்று பின்னேரம்தான் கண்டேன். இரும்புத் துண்டொன்று இடப்பக்கத் தலையில் அடித்திருந்தது. உயிர் தப்பியது பெரிது என்று டாக்குத்தர் சொன்னார். வலக்கையும் வலக்காலும் சோர்ந்துபோயின. பேச்சும் போய்விட்டது.

முழுக்கப் போகவில்லை. ஒரு சொல் மிஞ்சியது. “ஓம்.” நாங்கள் ஆமென்பதற்குச் சொல்லும் சொல். பசிக்குதோ என்றால் ஓம். பசிக்கவில்லையோ என்றாலும் ஓம். வேண்டாம் என்று சோற்றுக் கோப்பையைக் கையால் தள்ளிக்கொண்டே வாய் ஓம் என்று சொல்லும். தன் வாய் சொன்னதைக் கேட்டுத் தானே கண்கலங்குவார். எல்லாம் விளங்குகிறது, சொல்லத்தான் ஏலாது என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது தெரியவில்லை. புத்தி பேதலித்து விசர் பிடித்துவிட்டது என்றார்கள்.

ஒன்றேகால் வருடம் அப்படிப் போனது. பிள்ளைகள் இரண்டு பேரையும் சல்லியில் என் அம்மாவிடம் விட்டேன். காலில் புண் வைத்து இவரை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்த இடத்தில்தான் உங்கள் தம்பியைக் கண்டோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் போதகர் ஆர்மோனியப் பெட்டியோடு வந்து, நோயாளர் படுக்கும் வாட்டுக்கு வெளியே விறாந்தையில் வேதப் பாட்டுப் பாடுவார். நாங்கள் சைவம். ஆனாலும் பாட்டென்றால் கேட்போம். ஒரு ஞாயிறு போதகருக்குக் கைமூட்டில் வீக்கம். வாசிக்க ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டி வந்தார். ஒல்லியான ஆள், காது இரண்டும் சிவந்து கிடந்தன. கம்பியில்லாத் தந்தியில் வரும் சத்தத்தை இரவு பகலாகக் காதில் மாட்டிக் கேட்டு எழுதுவது அவருடைய வேலை என்று பிறகு அறிந்தோம்.

அவர் வாசித்தது ஏதோ வேதப் பாட்டு. அலை வந்து போவதுபோல ஒரு தாளம் அதில் இருந்தது. என் கணவர் கட்டிலில் எழும்பி இருந்தார். வாயைத் திறந்தார். சின்ன வயதில் சல்லியில் கரைவலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டை, முதலடியிலிருந்து கடைசியடி வரைக்கும், ஒரு சொல் பிசகாமல் பாடினார். அவ்வளவு சொற்களும் எங்கே ஒளிந்திருந்தன அம்மா? வாட்டிலிருந்த சனமெல்லாம் எழும்பி நின்றது. போதகர் திகைத்துப்போய், நிறுத்தும்படி கையைக் காட்டினார். உங்கள் தம்பி நிறுத்தவில்லை. தன் பாட்டை விட்டுவிட்டு இவருடைய பாட்டுக்குப் பின்னால் வாசித்துக்கொண்டு வந்தார். முடிந்ததும் நான் ஓடிப்போய், என்னப்பா, பேசுங்கோ, பேசுங்கோ என்றேன். இவர் என்னைப் பார்த்து “ஓம்” என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

எல்லாரும் போனபிறகும் துரை போகவில்லை. முத்தலிப் காக்காவைக் கூப்பிட்டு, எங்களிடம் பல கேள்விகள் கேட்டார். முத்தலிப் காக்கா மூதூர் ஆள், காக்கா என்றால் முஸ்லிம் ஆட்களில் அண்ணன், ஆஸ்பத்திரியில் நோயாளரைத் தூக்கி இறக்குகிற வேலை. முந்திக் கப்பலில் வேலைக்குப் போனவர் என்பதால் இங்கிலீசு பேசுவார். உங்கள் தம்பி சொன்ன எதையும் அவர் இல்லாமல் நான் அறிந்திருக்க மாட்டேன். அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை துரை ஒரு கோடு போட்ட தாளோடு வந்தார். இவருக்கு முதலில் எது கேட்கவேண்டியிருக்கும் என்று விசாரித்தார். தண்ணி என்றேன். அதை எப்படிக் கேட்பார்கள், சொல்லிக்காட்டு என்றார். நான் “தண்ணி தாங்கோ” என்றேன். திரும்பச் சொல் என்றார். பத்துத் தரம் சொல்லியிருப்பேன். என் குரல் எந்த இடத்தில் ஏறுகிறது, எங்கே விழுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்த ஏற்ற இறக்கத்தையே கொஞ்சம் நீட்டி மெட்டாக்கினார். இவருடைய இடக்கையைப் பிடித்துக் கட்டில் பலகையில் தட்ட வைத்தார். முதலில் வாயை மூடியபடி மெட்டு மட்டும், பிறகு எல்லாரும் சேர்ந்து சொல்லோடு, பிறகு மெதுவாக எங்கள் குரலைக் குறைத்துக்கொண்டு. பதினொரு நாள் எடுத்தது. பன்னிரண்டாம் நாள் காலை நான் முகம் கழுவி வர, எனக்குப் பின்னால் யாரோ பாடினார்கள், “தண்ணி தாங்கோ” என்று. நான் செம்பைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் மறந்து அழுதுகொண்டு நின்றேன். அவர் இன்னொரு தரம் பாடவேண்டியதாய்ப் போயிற்று.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கால் நோகுது. தலையணையைத் திருப்பிவிடுங்கோ. போதும். இனி வேண்டாம். அந்த ‘வேண்டாம்’ வந்த அன்று இவர் எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். அவ்வளவு சந்தோசம்.

ஒன்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். எங்களில் புருசன் பெண்சாதி ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இவர் என்னை “இஞ்சேரும்”, அதாவது இங்கே பாரும், என்றுதான் கூப்பிடுவார். உங்கள் தம்பிக்கு அது தெரியாது. என் பெயரைக் கேட்டு அதற்கும் ஒரு மெட்டு எழுதிவிட்டார். என் பெயரின் நடுவில் இவருடைய நாக்கு தட்டுப்பட்டது. ஆறு தரம் அழித்து எழுதினார். கடைசியில் அந்த இடத்துக்கு முன்னால் ஒரு நீட்டல் வைத்தார், மூச்செடுத்துத் தாண்டுவதற்கு. கலியாணம் கட்டிப் பதினொரு வருடத்துக்குப் பிறகு என் கணவரின் வாயால் என் பெயரைக் கேட்டேன், அதுவும் பாட்டாக, வாட்டு முழுக்கக் கேட்க. வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறார். அயலில் உள்ள பெண்களுக்குப் பொறாமை.

இனி எழுதுவது நான் வெட்கப்படுகிற விசயம். மறைத்துவிட்டு நன்றி சொன்னால் அது நன்றியாகாது.

புண் ஆறி வீட்டுக்கு வந்தபின் 1944 தையில் இவரைக் கூப்பன் கடைக்கு அனுப்பினேன். பங்கு அரிசிக்கு வரிசையில் நின்றிருக்கிறார். கடையில் புதிதாக வந்தவர் பெயரைக் கேட்க, ஓம் என்றார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்க, ஓம். வரிசையில் நின்ற சிலர் சிரித்தார்கள். இவர் கைத்தடியை ஓங்கி மேசையில் அடிக்க, தராசு விழுந்தது. இரண்டு பேர் இவரைப் பிடித்துத் தள்ள, அவர்களில் ஒருவருக்கு நெற்றி உடைந்தது. ஊர் அதிகாரி விதானையார் வந்து, இந்த ஆளை வெளியில் வைத்திருக்க ஏலாது, பெரிய டாக்குத்தர் பார்த்து எழுதித் தந்தால் கொழும்புப் பக்கம் விசர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்றார். கந்தளாயில் இருந்து என் அண்ணன் வல்லிபுரம் வந்தார். என்மேல் உள்ள இரக்கத்தில் அவரும் அதையே சொன்னார். உன் வயதென்ன, இரண்டு பெண் குஞ்சுகளை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்றார். நான் களைத்துப் போயிருந்தேன் அம்மா. நானும் சரி என்றுவிட்டேன். இவர் அடுத்த அறையில் இருந்து எல்லாம் கேட்டார்.

மறுநாள் துரை வந்தார். முத்தலிப் காக்காவைக் கொண்டு எல்லாம் சொன்னேன், நான் சரி என்றதையும் சொன்னேன். அவர் என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. டாக்குத்தர் என்றைக்கு வருகிறார் என்று மட்டும் கேட்டார். இருபத்தொரு நாள் இருந்தது. இரவு முழுக்கத் தந்தி கேட்கும் வேலை. காலையில் படுக்காமல் நேரே எங்கள் வீட்டுக்கு வருவார். குசினி வாசலில் சாக்கு விரித்து இவரும் அவரும் எதிரும் புதிருமாக இருப்பார்கள். நான் தேங்காய் துருவிக்கொண்டே சொல்லைச் சொல்லிக்கொடுப்பேன். பெயர், ஊர், பிள்ளைகளின் பெயர், நாள், கிழமை. பதினான்கு மெட்டுகள். அண்ணன் வந்து பார்த்துவிட்டு, விசர் ஒன்று இருந்தது, இப்போது இரண்டாகிவிட்டது என்றார். பத்தாம் நாள் அவரும் ஒரு பக்கத்தில் குந்திக்கொண்டு தொடையில் தாளம் தட்டினார்.

அந்த நாள் வந்தது. டாக்குத்தர் நல்ல மனிதர், ஆனால் கண்டிப்பு. மேசைக்கு முன்னால் இவரை இருத்திப் பெயர் கேட்டார். இவருக்குப் பயத்தில் வியர்த்து ஓம் என்றுதான் வந்தது. டாக்குத்தர் பேனையை எடுத்தார். கதவோரம் நின்ற துரை முதல் சுரத்தை மட்டும் வாய்க்குள் மெல்ல இசைத்தார். இவருடைய இடக்கை முழங்காலில் தட்டத் தொடங்கியது.

“நான் தம்பையா. எனக்கு விசரில்லை.”

டாக்குத்தர் பேனையை வைத்துவிட்டு யோசித்தார். பிறகு, இது பழக்கிவிட்டது, கிளியும் இப்படிச் சொல்லும், இவருடைய புத்தி சரியாக இருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இவரைப் பார்த்துக் கேட்டார்:

“உம்மடை பிள்ளையள் இப்ப எங்கை?”

அதற்கு எங்களிடம் மெட்டு இல்லை. நாங்கள் பெயர்தான் பழக்கியிருந்தோம். துரை என்னைப் பார்த்தார். நான் முத்தலிப் காக்காவைப் பார்த்தேன். ஒருவரும் ஒன்றும் செய்ய ஏலாது. இவர் கண்ணை மூடினார். கை தட்டியது, நின்றது, மறுபடி தட்டியது. தண்ணி கேட்கிற மெட்டு வந்தது. ஐயோ, தண்ணி கேட்கப் போகிறாரே என்று நினைத்தேன்.

“பிள்ளையள்… சல்லியிலை.”

தண்ணி மெட்டில் தன்னுடைய சொல்லை வைத்துவிட்டார். ஒருவரும் சொல்லிக்கொடுக்காத சொல். பிறகு அதே மெட்டில், என்னைக் காட்டி, “கூட்டி வாங்கோ” என்றார்.

டாக்குத்தர் எழுதவிருந்த அந்தத் தாளை இரண்டாக மடித்துக் கிழித்துக் கூடைக்குள் போட்டார். எழும்பி வந்து, இவருக்குச் சுகமான இடக்கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் திரும்பிப் பார்க்க, உங்கள் தம்பி யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பி வந்தார்.

பிள்ளைகள் அந்தக் கிழமையே வீட்டுக்கு வந்தார்கள். மூத்தவள் புஸ்பராணிக்கு அப்போது ஒன்பது வயது, இளையவள் சீதேவிக்கு ஆறு. துரைக்கு அவர்களைப் பிடித்துக்கொண்டது. வந்தால் கொஞ்ச நேரம் தன் கதைகளும் சொல்வார். அரைவாசி தமிழில், மிச்சம் கையால். சின்ன வயதில் உங்கள் கோயிலில் இருந்த பெரிய காற்றுப்பெட்டி வாத்தியத்தில் பழக, பின்னால் நின்று துருத்தியை அமுக்கிக் காற்று ஊட்டியது நீங்கள்தானாம். குளிர்காலத்தில் கை விறைத்துப்போகுமாம். ஆனாலும் நீங்கள் ஒருநாளும் அவருக்கு முந்தி வீட்டுக்குப் போனதில்லையாம். நான் எழுதிய எல்லாப் பாட்டுக்கும் மூச்சு அக்காவினுடையது என்றார். அவருடைய பெரிய பாட்டுகளைப் பற்றி நாங்கள் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். முன்னூறு பேர் சேர்ந்து பாடுகிற பாட்டை எழுதியவர் எங்கள் குசினி வாசலில் சாக்கில் இருந்தார் என்பதே உங்கள் கடிதம் பார்த்துத்தான் எங்களுக்குச் சரியாகத் தெரிந்தது.

ஒருநாள் நான் கேட்டேன், இவ்வளவு மெட்டுகளையும் இவர் ஒருநாள் மறந்துபோனால் என்ன செய்வது என்று. மறக்கத்தான் வேண்டும் என்றார். மெட்டு ஊன்றுகோல், கால் சரிவந்தால் அதை மூலையில் வைத்துவிட வேண்டும், இவர் ஒன்றை மறந்தால் என்னிடம் வந்து சொல், நான் அன்றைக்குக் கேக் வாங்கித் தருவேன் என்றார்.

இதன் பிறகு உள்ளதை எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். போதகரிடம் கேட்டேன். உன் மனதுக்கு விட்டது என்றார். எழுதுகிறேன். பிழையென்றால் மன்னியுங்கள்.

போன ஐப்பசியில் மழைக்காலம் தொடங்கியபோது, அவர் எங்களுக்கு ஒரு புது மெட்டுக் கொண்டுவந்தார். இது ஒருவருக்கல்ல, வீட்டிலுள்ள நாலு பேருக்கும். சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற பாட்டு. “சோறு ஆறுது, வாங்கோ.” அவ்வளவுதான் சொல். இவர் கீழ்க்குரலில் தொடங்க, நான் அதன்மேல் வர, புஸ்பராணி ஒரு பக்கம், கடைசியில் சீதேவி. நாலு குரலும் வேறு வேறு வழியால் போய் ‘வாங்கோ’ என்ற இடத்தில் ஒன்றாகச் சேரும். சீதேவி ஒவ்வொரு தரமும் தன் இடத்துக்கு முந்தியே பாய்ந்துவிடுவாள். பொறுக்க மாட்டாள். பாட்டைக் கேட்க வந்திருந்த போதகர் அவளை அதட்டினார். உங்கள் தம்பி அதட்ட வேண்டாம் என்று கையைக் காட்டினார். பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு, டோரத்தியும் இப்படித்தான், எப்போதும் அரைத் தாளம் முந்தி வருவாள், அவ்வளவு ஆசை அவளுக்கு என்றார்.

உங்கள் மகளைப் பற்றி அன்றுதான் சொன்னார். உங்கள் நகரத்தில் குண்டு விழுந்த அந்தப் பின்னேரம், பாட்டில் ஓரிடம் சரிவரவில்லை என்று தான்தான் மேலதிகமாக ஒரு ஒத்திகை வைத்ததாகவும், தான் கூப்பிட்டபடியால்தான் அவர்கள் வந்தார்கள் என்றும், உயிரோடு திரும்பாதவர்கள் பதினொரு பேர், டோரத்தியும் அதில் என்றும் சொன்னார். பதினொரு பேரின் பெயரையும் சொன்னார். அதன்பிறகு பல குரல்கள் சேர்ந்து வருவது தன் மனதுக்குள் கேட்பதே நின்றுபோனதாம். ஒரு குரலை மட்டும் தாங்கலாம் போல இருந்ததாம், அதனால்தான் தம்பையாவுக்கு எழுத முடிந்ததாம். முத்தலிப் காக்கா இதைத் தமிழில் சொல்லி முடிக்க, என் கணவர் எழும்பி, கால் இழுக்க நடந்துபோய், துரைக்குப் பக்கத்தில் இருந்து அவருடைய தோளில் கையை வைத்தார்.

அடுத்த நாள் துரை தாளைத் திருத்திக்கொண்டு வந்தார். சீதேவி எங்கே முந்துகிறாளோ அந்த இடத்திலேயே அவள் வரும்படி மாற்றி எழுதியிருந்தார். பாடிப் பார்த்தோம். முந்தியதைவிட நன்றாக இருந்தது. எங்களுக்கு இசை தெரியாது, ஆனாலும் அது தெரிந்தது. அவரும் எங்களோடு இருந்து மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டார். அதுதான் அறுபத்தொன்பதாவது. அவர் கடைசியாக எழுதியதும் அதுதான்.

மாசியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள். கடற்படை ஆஸ்பத்திரிக்குள் எங்களை விடமாட்டார்கள். போதகர் பேசி ஒரு கால்மணித்தியாலத்துக்கு அனுமதி வாங்கினார். நீங்கள் அவர் வேதனைப்பட்டாரா என்று கேட்டிருந்தீர்கள். மிகவும் மெலிந்திருந்தார், ஆனால் முகம் தெளிவாயிருந்தது. என் கணவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று கேட்டார்:

“சாப்பிட்டீங்களோ?”

வீட்டுக்கு வருகிறவர்களைக் கேட்பதற்கென்று துரை எழுதிக்கொடுத்த நாற்பத்திரண்டாவது மெட்டின் சொல் அது. எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. துரைதான் கண்ணைத் திறந்து சிரித்தார். விரலை உயர்த்திப் போதகரிடம் ஏதோ சொன்னார். மெட்டு இல்லை, கவனித்தீர்களா, வெறும் பேச்சாகக் கேட்டான் என்று சொன்னாராம். பிறகு என் கணவரைப் பார்த்துத் தமிழில் “ஓம்” என்றார். தனக்குக் கேக் வாங்க ஏலாது, போதகர் வாங்கித் தரவேண்டும் என்றும் சொன்னாராம். மூன்றாம் நாள் காலை போய்விட்டார். போதகர் சொன்னபடியே கேக் கொண்டுவந்தார். ஒருவரும் தொடவில்லை. பிள்ளைகளும் அப்படியே வைத்துவிட்டார்கள்.

இப்போது இவருக்கு இருபது, இருபத்தைந்து சொற்கள் மெட்டில்லாமல் வருகின்றன. தண்ணி கேட்பதில் ராகம் அரைவாசிதான் மிச்சம். சனிக்கிழமைகளில் சல்லியிலிருந்து ஆள் வந்து இவரைக் கூட்டிப்போகிறார்கள். கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டில் முன்னடி எடுக்க இவரைப்போல ஆளில்லை என்கிறார்கள். ஒற்றைக் கையால் கயிறு பிடிக்க ஏலாது, ஆனால் முப்பது பேர் இவருடைய குரலுக்கு இழுக்கிறார்கள். பங்கு மீனோடு பின்னேரம் வீட்டுக்கு வருவார். இந்த மனிசனைத்தான் நான் அனுப்பிவிடச் சம்மதித்தேன். உங்கள் தம்பி எங்களுக்குத் தந்ததை எழுதி முடிக்க எனக்குச் சொல் காணாது.

மெட்டுகள் எழுதிய மூலத் தாள்களை அனுப்பச் சொல்லவேண்டாம். இவருக்கு அவை இன்னும் தேவை. சில நாள் பேச்சு முரண்டு பிடிக்கும்போது சுவரில் உள்ள தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குகிறார். அறுபத்தொன்பதையும் போதகர் இருந்து பிரதி எடுத்திருக்கிறார். இந்தக் கடிதத்தோடு வரும். முன்னூறு பேர் பாட அவற்றில் ஒன்றும் இருக்காது. கடைசி மெட்டை மட்டும் நாலு பேர் பாடலாம். அதைப் பாடுவதென்றால் சோறு வடித்த பிறகு பாடுங்கள். வெறும் வயிற்றில் பாட அது சரிவராது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். அவர் மாதத்துக்கு ஒரு கடிதம் உங்களுக்கு எழுதினார் என்று எனக்குத் தெரியும். பதில் வந்ததா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. உங்களைப் பற்றி அவர் வாயில் நல்லதைத் தவிர வேறொன்றும் வந்ததில்லை என்பதை மட்டும் நான் என் பிள்ளைகள்மேல் ஆணையாகச் சொல்வேன். அவரை அடக்கிய சேமக்காலை எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். வெள்ளிக்கிழமைகளில் நான் போய்ப் புல்லைப் பிடுங்கிவிட்டு வருகிறேன். உங்களுக்கு அவரிடம் சொல்ல ஏதாவது இருந்தால், நாலு வரியோ நாற்பது வரியோ, எனக்கு எழுதி அனுப்புங்கள். இங்கிலீசு எனக்குத் தெரியாது. அர்த்தம் தெரிந்துகொள்ளவும் வேண்டாம். எப்படி உச்சரிப்பது என்று மட்டும் போதகரிடம் கேட்டுப் பழகி, அங்கே போய் இருந்து, ஒரு சொல்லும் விடாமல் அவருக்கு வாசித்துவிடுவேன். ஆறுதலாக எழுதுங்கள் அம்மா. எத்தனை மாதம் சென்றாலும் நான் காத்திருப்பேன்.

உங்கள் உடம்புக்கும் மனதுக்கும் நல்ல சுகம் கிடைக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு,

உங்கள் கூடப்பிறக்காத தங்கை
அன்னலட்சுமி தம்பையா